ஏ4 தாளோடு முடிந்த ஊர்

1

எங்கள் ஊரின் கிழக்கு எல்லை எது என்று ஊரில் கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். மதகு என்பார் ஒருவர். இல்லை, மதகடி ஒழுங்கை வீடுகளின் பின்வேலி என்பார் இன்னொருவர். மூன்றாமவர், "அப்பிடியே போங்கோ, வரும்" என்று கையை நீட்டிக் காட்டிவிட்டுத் தேத்தண்ணியைத் தொடர்வார். லண்டனில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தைக் கேட்டால் மட்டும் தயக்கமே இல்லாமல் ஒரே பதில் வரும்: கதிரேசர் வீட்டு வேலி. அதற்கு இந்தப் பக்கம் ஊர். அந்தப் பக்கம் ஊரில்லை.

இந்த எல்லையை நிர்ணயித்தவர் அரசரோ வெள்ளைக்காரத் துரையோ அல்லர். தோர்ண்டன் ஹீத்தில் மினிகாப் ஓடும் அடியேன்தான். எந்த ஆதாரத்தை வைத்து நிர்ணயித்தாய் என்று கேட்பீர்கள். தாள் முடிந்துவிட்டது. அவ்வளவுதான்.

சங்கத்துக்கு வெள்ளிவிழா வந்தது. வெள்ளிவிழா என்றால் மலர். மலர் என்றால் முன்பக்கங்களில் வாழ்த்துச் செய்தி, நடுவில் நகைக்கடை, கடைசியில் சாப்பாட்டுக்கடை, இவற்றுக்கிடையே தப்பிப் பிழைத்த இரண்டு கட்டுரைகள். இந்த முறை புதுமையாக ஊரின் வரைபடம் ஒன்றும் போடவேண்டும் என்று தலைவர் நடேசண்ணைக்கு யோசனை வந்தது. நடேசண்ணை ஓய்வுபெற்ற கணக்காளர். ஒரு யோசனை வந்தால் அதை இன்னொருவர் தலையில் ஏற்றிவிட்டுத்தான் அவருக்கு மூச்சு வரும்.

"தம்பி, நீர்தான் கார் ஓடுறனீர். உமக்குத்தானே மேப் விளங்கும்."

நான் கார் ஓடுவது உண்மை. மேப் விளங்கும் என்பது வதந்தி. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கருவிக்குள் இருந்து ஒரு பெண் இடது என்றால் இடது, வலது என்றால் வலது. அவள் பேசாமல் விட்ட ஒருநாள், ரெய்னர்ஸ் லேனுக்குப் போகவேண்டிய ஒரு மனிதரைச் சவுத்தாலில் இறக்கிவிட்டு, "கிட்டமுட்ட வந்திட்டம்" என்று சொன்னவன் நான். ஆனால் நாலுபேர் முன்னால் 'ஏலாது' என்று சொல்ல எங்கள் ஆண்களை யாரும் பழக்கவில்லை.

"ஓம் அண்ணை, செய்யிறன்" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளின் பிரிண்டரில் இருந்து ஒரு ஏ4 தாளை உருவி, சமையலறை மேசையில் படுக்கையாக வைத்து, மேற்கில் இருந்து கீறத் தொடங்கினேன். மேற்கில்தான் எங்கள் வீடு. எனவே முதலில் வீடு. பிறகு எங்கள் கிணறு. எங்கள் மாட்டுக்கொட்டில். எங்கள் மாமரம், நான் விழுந்து கை முறித்த கொப்பு உட்பட. எங்கள் வளவே தாளில் கால்வாசியைப் பிடித்துவிட்டது. பிறகு சந்தி, வாசிகசாலை, கோயில், பள்ளிக்கூடம் என்று கிழக்கே போகப் போக ஊர் சிறுத்துக்கொண்டே போயிற்று. கதிரேசர் வீட்டை நெருப்புப்பெட்டி அளவில் கீறி, அதன் வேலியையும் கீறி முடித்தபோது பேனை மேசையில் ஓடியது.

அந்த வேலிக்கு அப்பால் மதகடி ஒழுங்கை என்ற சின்னச் சந்து இருக்கிறது. அதில் நாலைந்து வீடுகள். வேலிக்கு அடுத்ததாய் நிற்பது என் மனைவி சுலோ பிறந்த வீடு. அவளுடைய தமக்கை கமலாக்கா இன்றைக்கும் அங்கேதான் தனியாக இருக்கிறார்.

இன்னொரு தாளை எடுத்து ஒட்டியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து கிறிக்கெட் தொடங்கிவிட்டது.

2

எல்லைகளோடு எனக்குப் பழக்கமில்லை என்று யாரும் எண்ணவேண்டாம். நான் குடியிருப்பதே ஓர் எல்லையில். எங்கள் தெருவின் நடுவே, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கோடு ஓடுகிறது. என் வீட்டுப் பக்கம் ஒரு கவுன்சில், எதிர்வீட்டுப் பக்கம் வேறொரு கவுன்சில். எங்கள் குப்பையைச் செவ்வாய்க்கிழமை எடுப்பார்கள், அவர்களுடையதை வெள்ளிக்கிழமை. எங்கள் பக்கம் பச்சைத் தொட்டியில் போடவேண்டிய பழத்தோலை எதிர்ப்பக்கம் பச்சைத் தொட்டியில் போட்டால் குற்றம். நரிகள் மட்டும் இரண்டு கவுன்சில்களிலும் வதிவுரிமை பெற்றவை.

ஒருநாள் வேலை முடிந்து வரும்போது என் வீட்டு வாசலில் யாரோ காரை விட்டிருந்தார்கள். நான் எதிர்ப்பக்கத்தில் விட்டேன். காலையில் கண்ணாடியில் டிக்கெட். என் பெர்மிட் இந்தப் பக்கத்துக்கு மட்டுமாம். போன் எடுத்தேன்.

"நீங்கள் எங்கள் பகுதியில் வசிப்பவரா?" என்று கேட்டாள் எதிர்ப்பக்கக் கவுன்சிலில் ஒரு பிள்ளை.

"என் வீடு இதோ தெரிகிறது. சமையலறை விளக்கு எரிகிறது. அதைக்கூட நான்தான் அணைக்கவேண்டும்."

"அந்த வீடு எங்கள் பகுதி இல்லை, சார். உங்கள் கவுன்சிலோடு பேசுங்கள்."

என் கவுன்சிலோடு பேசினேன். கார் அந்தப் பக்கம் நின்றதால் அவர்களுக்கு அதில் சம்பந்தமில்லை என்றார்கள். நான் தெருவின் நடுவில் நின்றுகொண்டு பேசினேன்; ஒரு காலுக்கு ஒரு கவுன்சில். பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். அவன் மட்டும்தான் நான் எங்கே நிற்கிறேன் என்பதைப் பற்றிக் கவலைப்பட்டவன். கடைசியில் கோபத்தில் அந்தப் பிள்ளையிடம் கேட்டேன், இந்தக் கோட்டை இங்கே கீறியது யார் என்று.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது எப்போதும் அங்கேதான் இருக்கிறது, சார்" என்றாள்.

அந்த வாசகத்தை நினைவில் வைத்திருங்கள். பிறகு வரும்.

என் மகள் மது இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கிறாள். ரூலர் வைத்துக் கீறிய பாலைவன நாடுகளைப் பற்றியும், ஒரு நாட்டுக்குள் தீவாய் அகப்பட்டுக் கிடக்கும் இன்னொரு நாட்டின் துண்டுகளைப் பற்றியும் சாப்பாட்டு மேசையில் எனக்கு வகுப்பு எடுப்பாள். இந்தியாவைப் பிரிக்கும்போது, அதற்குமுன் அந்தப் பக்கமே போயிராத ஒரு வழக்கறிஞரை இந்த லண்டனில் இருந்துதான் அனுப்பிக் கோடு கீறுவித்தார்களாம்.

"ஹவ் கேன் யூ டிவைட் எ பிளேஸ் யூ டோன்ட் ஈவன் நோ, அப்பா?" என்று கேட்டாள்.

நானும் மிகுந்த அறச்சீற்றத்தோடு தலையை ஆட்டினேன். எங்கள் தலைமுறை போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பஸ்ஸால் இறங்கி, பெட்டியைத் திறந்து காட்டி, வெயிலில் நடந்து, மறுபக்கம் போய் மறுபடி பெட்டியைத் திறந்து காட்டிய தலைமுறை. கோடு கீறுகிறவர்களைக் கண்டால் எங்களுக்கு ஆகாது. இப்படியெல்லாம் பேசிக்கொண்டே அப்பளத்தை நொறுக்கினேன். அடுத்த மாதம் மலர் வெளிவந்தது.

3

மலர் வெளிவந்த மறுநாளில் இருந்து போன் ஓயவில்லை. ரொறன்ரோவில் இருந்து ஒருவர், தன் வீட்டுக் கிணற்றைக் காணவில்லை என்று, நான் களவெடுத்தது போலக் கேட்டார். பாரிசில் இருந்து ஒருவர், தங்கள் கல்வீட்டையும் பக்கத்துவீட்டுக் கொட்டிலையும் ஒரே அளவில் கீறியது திட்டமிட்ட செயல் என்றார். வாசிகசாலையைக் கோயிலுக்கு மிக அருகில் வைத்துவிட்டேன் என்றும், கோயிலைப் பள்ளிக்கூடத்துக்கு மிகத் தூரத்தில் வைத்துவிட்டேன் என்றும் கடிதங்கள் வந்தன. அந்த மலரில் உள்ள கட்டுரைகளை ஒருவர்கூட வாசிக்கவில்லை என்பதற்கு என்னிடம் சாட்சி உண்டு: ஒரு கட்டுரையில் ஒரே பக்கம் இரண்டு தடவை அச்சாகியிருந்தது. யாரும் வாயே திறக்கவில்லை.

இவையெல்லாம் தாங்கக்கூடிய தொல்லைகள். தாங்கமுடியாதது வீட்டுக்குள் நடந்தது. சுலோ மலரைக் கையில் எடுத்து, படப் பக்கத்தை விரித்து, கண்ணாடியைப் போட்டாள். பிறகு கழற்றினாள்.

"இஞ்சருங்கோ, எங்கட வீடு எங்கை?"

"பேப்பர் முடிஞ்சு போச்சப்பா."

"உங்கட மாட்டுக்கொட்டிலுக்குப் பேப்பர் இருந்தது."

இதற்குப் பதில் சொல்லக்கூடிய கணவன் உலகில் இருந்தால் எனக்கு அவருடைய விலாசத்தை அனுப்புங்கள்.

"அதில மாடும் இல்லை. மாட்டை வித்தது நாங்கள் கலியாணம் கட்டமுதல். வெறும் கொட்டிலைக் கீறியிருக்கிறியள்" என்றாள். அதோடு பேச்சு நின்றது. அன்றிலிருந்து எனக்கு வரவேண்டிய செய்திகள் எல்லாம் மகள் ஊடாகத்தான் வந்தன. மதுவின் தமிழ், சாப்பாட்டுக்கும் சாமிக்கும் போதுமானது. ஒரு தம்பதியின் கோபத்தை மொழிபெயர்க்கப் போதாது.

"அப்பா, அம்மா செஸ் யூ ஆர் எ... எருமை? இஸ் தட் த பிளாக் வன்?"

"ஓம் பிள்ளை."

"ஆல்ஸோ, யூ லிட்ரலி கட் அம்மா அவுட் ஒஃப் த வில்லேஜ். யூ நோ தட், ரைட்?"

உண்மையில் இதில் எனக்கு ஒரு பழைய குற்றமும் உண்டு. கலியாணம் கட்டிய நாளில் இருந்து நான் மேடை கிடைக்கும் இடமெல்லாம் ஒரே பகிடியை விட்டு வந்திருக்கிறேன்: "நான் லண்டன் வரமுதலே வெளிநாட்டிலை பொம்பிளை எடுத்தவன். மதகடி எண்டால் வேற நாடு தானே." சங்கத்தின் ஒவ்வொரு ஒன்றுகூடலிலும் சிரிப்பு வரும். சுலோவும் சிரிப்பாள். பகிடி என்பது சிரித்தவுடன் முடிந்துபோகும் சாமான் என்று நினைத்திருந்தேன். யாரோ அதைக் குறித்து வைத்திருந்தார்கள்.

4

குறித்து வைத்திருந்தவர் சங்கச் செயலாளர் பாலன். ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். வரும்போது ஒரு காரையும், ஜெர்மன்காரரின் கறாரையும் கொண்டுவந்தார். கார் பழுதாகிவிட்டது.

ஊரில் கிணறுகள் எல்லாம் உவராகிப்போய் வருடக்கணக்காகிறது. தேத்தண்ணியிலே உப்புக் கரிக்கும். வெள்ளிவிழா நினைவாக வாசிகசாலைக்குப் பக்கத்தில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரமும் தாங்கியும் வைத்து, ஊரின் ஒவ்வொரு வீட்டு வாசல் படலைக்கும் குழாய் போடுவது என்று சங்கம் தீர்மானித்தது. நல்ல காரியம். வேலையை எடுத்த ஊர் ஒப்பந்தகாரர் பாலனிடம், "எந்தெந்த வீடு எண்டு ஒரு படம் அனுப்புங்கோ" என்று கேட்டிருக்கிறார். பாலன் மலரை எடுத்தார். என் படத்தை ஸ்கேன் செய்தார். அனுப்பிவிட்டார்.

குழாய் கதிரேசர் வீட்டு வேலியடியில் வந்து நின்றது.

நான் பாலனுக்குப் போன் எடுத்தேன்.

"பாலன், அது எல்லை இல்லை. பேப்பர் முடிஞ்ச இடம்."

"அண்ணை, மலரிலை வந்திட்டுது."

"மலரிலை என்ரை மாமரமும் வந்தது. அதுக்கும் பைப் போடுறியளோ?"

"பகிடி விடாதையுங்கோ அண்ணை. நீங்கள்தானே எப்பவும் சொல்லுவியள், மதகடி வேற நாடு எண்டு. எல்லாரும் கேட்டிருக்கினம். இப்ப ஒருக்கால் மாத்தினால், பிறகு ஆளாளுக்கு மாத்தச் சொல்லுவினம். எல்லை எண்டால் எல்லை. அது எப்பவும் அங்கைதான் இருந்தது."

தெருவின் நடுவில் நின்றபோது கேட்ட அதே வாசகம். அந்தக் கோடாவது எனக்கு முன்பே பிறந்தது. இந்தக் கோட்டின் மை இன்னும் சரியாகக் காயவில்லை.

அதைவிட அதிசயம் அடுத்து நடந்தது. கோட்டுக்குக் காரணங்கள் முளைக்கத் தொடங்கின. மதகடியார் திருவிழாவுக்கு அடுத்த ஊர்க் கோயிலுக்கும் போகிறவர்கள் என்றார் ஒருவர். அந்த ஒழுங்கைப் பிள்ளைகள் அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்றார் இன்னொருவர். இன்னும் சிலர் காரணத்தை வாய்விட்டுச் சொல்லாமல், "உமக்குத் தெரியும் தானே" என்று கண்ணைச் சுருக்கினார்கள். எங்கள் ஆட்களின் அந்தக் கண்சுருக்கலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கப்பல் ஏறி, விமானம் ஏறி, அகதி முகாமில் ஒரே கோப்பையில் சூப் குடித்த பிறகும் அது கரைந்துபோகவில்லை. கோடு வந்தது ஒரு கிறிக்கெட் ஆட்டத்தால். அதற்குச் சரித்திரம் எழுத ஆட்கள் வரிசையில் நின்றார்கள். "உந்தக் கோட்டை எவ்வளவு யோசிச்சுக் கீறியிருப்பியள்!" என்று ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குக் கையைக் கழுவவேண்டும் போல் இருந்தது.

5

கமலாக்கா வீடியோ அழைப்பில் வந்தார். சுலோ போனை என் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டு, வெங்காயம் வெட்டப் போனாள். போகும்போது கத்தியைக் கொஞ்சம் சத்தமாக எடுத்தாள்.

"தம்பி, உந்தப் புத்தகத்தைத் திறந்து பிடியும் பாப்பம்."

பிடித்தேன். கமலாக்கா அந்தப் பக்கம் கண்ணைப் போனோடு ஒட்டினார்.

"உதென்ன, யானையோ?"

"மாமரம் அக்கா."

"குளத்தைக் கொண்டுவந்து கோயிலுக்கு முன்னாலை வைச்சிருக்கிறீர். குளம் பின்னாலை எல்லே? சாமி தீர்த்தமாடப் பின்பக்கத்தாலை போறதை மறந்துபோனீரோ?"

"கொஞ்சம் மாறிப்போச்சு அக்கா."

"வேலியெல்லாம் ரூலர் வைச்சுக் கீறியிருக்கிறீர். ஒரு வேலியிலையும் பொட்டைக் காணேல்லை. பொட்டு இல்லாத வேலியை எங்கட ஊரிலை ஆற்றை வீட்டிலை கண்டனீர்?"

வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் பக்கத்து வேலிகளில் ஓர் ஆள் குனிந்து நுழையக்கூடிய இடைவெளி ஒன்று இருக்கும். அதுதான் பொட்டு. வேலி எல்லைக்காக நீதிமன்றம் வரை போனவர்களும், அந்த வேலியிலேயே ஒரு பொட்டு வைத்திருப்பார்கள். ஆண்கள் முன்பக்கத்தில் வழக்காடிக்கொண்டிருக்க, பெண்கள் பின்பக்கத்தில் பொட்டுக்குள்ளால் கறிக் கிண்ணம் கொடுப்பார்கள். ஷெல் அடித்தபோது நாங்கள் றோட்டால் ஓடவில்லை. பொட்டுக்குப் பொட்டு புகுந்துதான் ஊரைக் கடந்தோம். ஊரின் உண்மையான போக்குவரத்துப் பாதை அது. என் படத்தில் அது இல்லை.

"பொட்டு எண்டதும்தான் நினைவு வருது அக்கா," என்றேன், தப்ப ஒரு வழி கிடைத்த சந்தோஷத்தில். "கதிரேசற்றை வேலியிலையும் பொட்டு இருக்குத்தானே? அதுக்காலை ஒரு ஹோஸ் போட்டால் தண்ணி வந்திடும்."

"கதிரேசற்றை மகன் அதை நேற்றே கேட்டவன். நான் வேண்டாம் எண்டிட்டன்."

"ஏன் அக்கா? தண்ணி தானே?"

"தண்ணி எண்டால் வாங்கியிருப்பன் தம்பி. உப்பு, சீனி, நெருப்பு எல்லாம் உந்தப் பொட்டாலை வாங்கினதுதான். இது தண்ணி இல்லை." அவர் குரல் கொஞ்சம் மாறியது. "பைப்புக்காரப் பெடியன் என்ரை படலையிலை வந்து நிண்டு சொல்லுறான், 'அம்மா, நீங்கள் ஊரில்லையாம், லண்டனிலை இருந்து படம் வந்திருக்கு' எண்டு. நீங்கள் எல்லாரும் ஏறிப்போனியள். நான் முகாமிலை இருந்து திரும்பி வந்து, பத்தைக்காடு வெட்டி, பாம்பு அடிச்சு, இந்தப் பக்கத்திலை முதல் விளக்கு வைச்சனான். ஊரிலை வேறை வெளிச்சமே இல்லை, தம்பி, அண்டைக்கு. எனக்குச் சொல்லுறான், ஊரில்லையாம்."



நான் பகிடி ஒன்றைத் தேடினேன். வழமையாகக் கைவசம் நாலைந்து இருக்கும். அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"அக்கா, பொறுங்கோ. கீறுவம்" என்றேன்.

மது போய்ப் பிரிண்டரில் இருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து, செலோடேப்பால் பழைய படத்தின் வலப்பக்கத்தில் ஒட்டினாள். என் சங்கத்துக்கு மாதக்கணக்கில் வராத யோசனை. கமலாக்கா போனில் சொல்லச் சொல்ல நான் கீறினேன். ஒழுங்கை எங்கே வளைகிறது, எந்த வீட்டுக்கு எந்தப் பக்கம் படலை, முருங்கை நிற்கும் இடம், பின்வேலி. சுலோ வெங்காயக் கையோடு வந்து பக்கத்தில் நின்று முதல் தடவையாக என்னோடு நேரடியாகப் பேசினாள்.

"இன்னும் பெரிசாக் கீறுங்கோ."

"எவ்வளவு பெரிசு?"

"மாட்டுக்கொட்டிலைவிடப் பெரிசு."

கீறினேன். படத்தின்படி, கமலாக்காவின் வீடு இப்போது பள்ளிக்கூடத்தைவிடப் பெரியது.

6

சங்கக் கூட்டம் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு தேவாலய மண்டபத்தில். நாங்கள் பிள்ளையாரைக் கும்பிட்டுத் தொடங்கும்போது பின்சுவரில் யேசுநாதர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். மண்டபம் எங்களுக்கு ஐந்து மணி வரைக்கும்தான். அதன்பிறகு அங்கே சும்பா நடன வகுப்பு.

இரண்டு தாளையும் விரித்து மேசையில் வைத்தேன். நடேசண்ணை கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"இது திருத்தப்பட்ட எல்லையோ, தம்பி?"

"இல்லை அண்ணை. பெரிய பேப்பர்."

அவ்வளவுதான் விசயம். ஒரு வரியில் முடிந்திருக்கவேண்டியது. ஆனால் பாலன் எழும்பினார். வெளிவந்த படத்தைத் திருத்தச் சங்க விதிகளில், அதாவது யாப்பில், இடமில்லை. எனவே முதலில் யாப்பைத் திருத்தவேண்டும். யாப்பைத் திருத்தப் பொதுச்சபை வேண்டும். பொதுச்சபைக்கு முன் எல்லை நிர்ணய உபகுழு ஒன்று வேண்டும். உபகுழுவில் யார் என்று பத்து நிமிடம் சண்டை. உபகுழு ஊருக்குப் போய்ப் பார்த்துவரவேண்டும் என்று ஒருவர். டிசம்பரில் போகலாம், ஆனால் டிக்கெட் மலிவு இல்லை, மழையும் இருக்கும் என்று இன்னொருவர். கிணற்றைக் காணாத ரொறன்ரோக்காரர் வீடியோத் திரையில் மிகுந்த ஆவேசத்தோடு ஏதோ பேசினார். மைக் அணைந்திருந்ததால் அதுதான் அன்றைக்குப் பேசப்பட்டவற்றுள் மிகத் தெளிவாக இருந்தது. நான் பல்லைக் கடித்தேன். எழும்பிக் கத்தினேன் என்றும் சொல்லலாம்.

"பேப்பர் முடிஞ்சது! எத்தினை தரம் சொல்லுறது? பேப்பர் முடிஞ்சது!"

"அண்ணை உணர்ச்சிவசப்படுறார். மனிசி பக்கம், விளங்குது" என்றார் பாலன்.

அப்போதுதான் சுலோ எழும்பினாள். சங்கம் தொடங்கிய நாளில் இருந்து கூட்டத்துக்கெல்லாம் வடை சுட்டுக் கொண்டுவருகிறவள். அன்றைக்கும் பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தாள்.

"செயலாளர் தம்பி, நான் ஒண்டு கேக்கலாமோ? மதகடி ஊரில்லை எண்டால், இவ்வளவு நாளும் நீங்கள் திண்டது எந்த ஊர் வடை?"

பாலனின் வாயில் அந்த வடைதான் இருந்தது. அவரால் விழுங்கமுடியவில்லை. துப்பவும் முடியவில்லை.

சரியாக அந்த நேரம் கதவைத் திறந்துகொண்டு சும்பா ஆசிரியை வந்தாள். கையில் ஒரு சூட்கேஸ் அளவு ஸ்பீக்கர். பின்னால் பளபளக்கும் உடுப்பில் ஒரு கூட்டம். "கைஸ், இட்ஸ் ஃபைவ்!" என்றாள். பாலன் வடையை விழுங்கிவிட்டு, தீர்மானம் எடுக்காமல் எழும்பக்கூடாது என்றார். அவள் ஸ்பீக்கரைப் போட்டுப் பார்த்தாள். கூரை அதிர்ந்தது. யேசுநாதர்கூட ஒருமுறை ஆடினார்.

"புதுப் படத்தை ஏற்கிற ஆக்கள் கையை உயர்த்துங்கோ!" என்று பாலன் கத்தினார். யாருக்குக் கேட்டது என்று எனக்குத் தெரியாது. நடேசண்ணை, ஐந்து நிமிடம் பொறு பிள்ளை என்று ஆசிரியையைப் பார்த்துக் கையை உயர்த்தினார். முன்வரிசை காதைப் பொத்தக் கையை உயர்த்தியது. பின்வரிசை கதிரைகளை அடுக்கத் தலைக்கு மேலே தூக்கியது. திரையில் ரொறன்ரோக்காரர், தன் மைக் வேலை செய்யவில்லை என்று இரண்டு கையையும் ஆட்டினார்.

பாலன் எல்லாவற்றையும் எண்ணினார். கறாரான மனிதர். "ஏகமனதாக" என்று எழுதினார்.

எங்கள் மதகடி வெளியே போனது ஒரு தாளின் நீளத்தால். உள்ளே வந்தது ஒரு நடன வகுப்பின் சத்தத்தால். நாடுகள் எப்படிப் பிரிகின்றன, சேர்கின்றன என்று மதுவின் தடித்த புத்தகங்களில் என்ன எழுதியிருக்கிறதோ தெரியாது. எனக்கு இப்போது ஒரு சந்தேகம் உண்டு.

7

போன கிழமை கமலாக்கா படலையில் குழாய் வந்துவிட்டது. வீடியோவில் திறந்து காட்டினார். ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்து, "உப்பில்லாமல் ஒரு மாதிரிக் கிடக்கு" என்றார். சுலோ சிரித்தாள். நான் பாராட்டை எதிர்பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். வரவில்லை. படத்தில் குளம் இன்னும் கோயிலுக்கு முன்னால்தான் நிற்கிறது என்பதை மட்டும் நினைவூட்டினார்.

பிறகு போனைத் திருப்பினார். அப்போதுதான் கண்டேன்: குழாயில் இருந்து பச்சை நிறத்தில் ஒரு ஹோஸ். முற்றத்தால் போய், கிணற்றைச் சுற்றி, முருங்கையைத் தாண்டி, பின்வேலிக்குள் நுழைந்து மறைந்தது.

"அக்கா, அது எங்கை போகுது?"

"பின்வளவுக்கு. ராசாத்தி வீட்டை."

"அது அடுத்த ஊர் எல்லே?"

"ஓம். அதுகளின்ரை கிணறும் உப்புத்தானே."

நான் மேசையில் இருந்த படத்தைப் பார்த்தேன். செலோடேப்பின் மறுபக்கம், இரண்டாம் தாளில் பின்வேலிக்கு அப்பால் நிறைய இடம் வெறுமையாகக் கிடந்தது. கை தானாகப் பேனையைத் தேடியது.

"அக்கா, தாளிலை இன்னும் இடம் கிடக்கு. அந்தப் பொட்டையும் கீறி விடட்டோ?"

கமலாக்கா போனைக் கிட்டக் கொண்டுவந்தார். திரை முழுக்க அவர் கண்தான் தெரிந்தது.

"தம்பி, நீர் என்னத்தையும் கீறும். மாட்டுக்கொட்டிலை இன்னும் பெரிசாக் கீறும். உந்தப் பொட்டை மட்டும் கீறிப்போடாதையும். அதைப் பாத்தால் செயலாளர் அதுக்கும் ஒரு கேற் போட்டுப் பூட்டுவார்."